பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃப்ரீசர்

ஏர்கோன் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான் என்றால் நம்புகிறவர்கள் இன்றைக்கும் குறைவுதான். கிள்ளானில் ஒரு கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஆன்டி, "அந்தப் பையன்களுக்கு நீங்க இங்கிலீஷா சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். "இல்லங்க ஆன்டி, கேஸ் அடிக்கச் சொல்லித் தர்றேன்" என்றேன். மீதிச் சாப்பாட்டை அவர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டே முடித்தார்.

நான் வேலை செய்யும் தொழில்திறன் நிலையம் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கிறது. ஒரு பக்கம் கையுறைத் தொழிற்சாலை, மறு பக்கம் பலகைக் கிடங்கு, நடுவில் எங்கள் கடைவீடு. மாடியில் வகுப்பு, கீழே பட்டறை, பின் வரிசையில் மாணவர் விடுதி. முதலாளி செட்டியார் வீட்டுப் பிள்ளை. என்னைவிட இளையவர், அதனால் எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. வாடகை குறைவு என்று மேருவில் இடம் பிடித்தார். பஸ் வராததால்தான் வாடகை குறைவு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார். ரோட்டில் லோரி ஓடும், லோரி ஓடும், மறுபடியும் லோரிதான் ஓடும். கார் இல்லாத பிள்ளைகள் விடுதியில்தான் தங்க வேண்டும், வேறு வழி கிடையாது.

அப்படித் தங்க வந்தவள்தான் அவள். கிள்ளானுக்குத் தெற்கே போய், பாலம் தாண்டி, செம்பனைத் தோட்டங்களையும் கடந்தால் கடலோரம் ஓராங் அஸ்லி மக்களின் கம்பம், அதாவது கிராமம், ஒன்று வரும். இந்த நாட்டின் பூர்வகுடிகள் அவர்கள். அந்தக் கம்பத்திலிருந்து இதற்கு முன்பும் இரண்டொரு பையன்கள் எங்களிடம் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். இவள் இருபதைத் தாண்டியவள், அமைதியானவள். ஸ்பேனரைப் பிடிக்கும் விதத்திலேயே எனக்குப் பிடித்துப்போனது. சிலர் ஸ்பேனரைக் கரண்டிபோலப் பிடிப்பார்கள், எத்தனை திட்டினாலும் மாறாது. இவளுக்கு நான் ஒருமுறைகூடக் கையைத் திருத்தவில்லை. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவளிடம் எனக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். எதைக் கேட்டாலும் "சரி டீச்சர்" என்பாள். "நாளைக்கு வருவியா?" "சரி டீச்சர்." மறுநாள் ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் காலைப் பசியாறலுக்கு முன்பே எல்லாரும் எல்லாருக்கும் "முடியாது" சொல்லி முடித்திருப்போம். என் வீட்டுக்காரர் "முடியாது" என்று சொல்லிக்கொண்டேதான் எதையும் செய்வார். இவள் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது பட்டறைச் சுவருக்கும் தெரியும். ஆனால் "சரி" என்று சொல்பவளோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் எப்போது காணாமல் போகிறாள் என்பதை நான் கண்டுபிடித்தது சாப்பாட்டு நேரத்தில். அமாவாசைக்கு நான் சைவம். அன்றைக்கு மட்டும் என் டப்பாவில் கூட்டும் அப்பளமும் இருக்கும், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அப்பளத்தைப் பிய்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் அப்பளம் மீந்தது. அவள் இல்லை. போன அமாவாசைக்கும் அப்பளம் மீந்தது நினைவுக்கு வந்தது. பௌர்ணமிக்கும் அவள் இருப்பதில்லை என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். அமாவாசை, பௌர்ணமி என்றால் நம் புத்தி எங்கே போகும்? பிள்ளைக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், எலுமிச்சம்பழம் வாங்கிச் சுற்றிப் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த முறை அவள் வந்ததும் நேராகவே கேட்டேன். அவள் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"பெரிய தண்ணி டீச்சர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறி இறங்கும். அப்பதான் நண்டு வரும். படகுக்கு ரெண்டு பேர் வேணும். அம்மாவோட நான்தான் போகணும்."

வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை ரசத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த மாதம் களப்பயிற்சிக்குத் தலைநகரில் நம்ம ஆட்கள் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஏர்கோன் சுத்தம் செய்யும் வேலை. அந்தக் கடை ஏர்கோனைத் திறந்தால் உள்ளே தாளித்த எண்ணெய் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அவள் ஏணியில் ஏறி, ஒவ்வொரு தகடாகக் கழுவி, கீழே சாப்பிடுகிறவர்கள் இலையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் வேலையை முடித்தாள். கடைக்காரர் மகிழ்ந்துபோய் எல்லாருக்கும் மோர் கொடுத்தார். மோரைக் குடித்துக்கொண்டே அவள் தெருவைப் பார்த்தாள். மேலே அடுக்குமாடி வீடுகளின் சுவர் முழுக்க ஏர்கோன் பெட்டிகள்.

"எங்க கம்பத்துல ஒரு ஏர்கோன்கூட இல்ல டீச்சர்" என்றாள். "கடல் காத்து வரும். பலகை வீடு. ஏர்கோன் போட்டா குளிர் ஓட்டை வழியாப் போயிடும். படிச்சு முடிச்சிட்டு நான் அங்க என்ன செய்ய?"

"ஷா ஆலத்துல கம்பெனி இருக்கு. நம்ம பிள்ளைங்களைக் கொத்திக்கிட்டுப் போறாங்க. அங்க போயிடு."

"சரி டீச்சர்" என்றாள்.

அதற்குள் அந்தச் "சரி"யை எனக்கு ஓரளவு படிக்கத் தெரிந்துவிட்டது. இவள் போக மாட்டாள் என்று அப்போதே புரிந்தது. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் தொழில் முழுக்க பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் ஷா ஆலத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை அவள் கம்பத்தில் போட்டுப் பார்க்க யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

வேன் மேருவுக்குத் திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், நண்டு வெக்கிற ஃப்ரீசரும் ஏர்கோனும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். உள்ளே ஓடுவது ஒன்றுதான், கம்ப்ரசர், கேஸ், குழாய் எல்லாம் அதே கதைதான் என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பத்து மண்டபத்தில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருந்ததாம். ஏதோ தேர்தலின்போது வந்து இறங்கியது. கொஞ்ச காலம் ஓடிவிட்டு நின்றுபோனது. கிள்ளானில் எந்தப் பழுதுக்காரருக்குப் போன் செய்தாலும் ஒரே பதில், "ஜாவ் லா." தூரம் என்று அர்த்தம். அதனால் பிடித்த நண்டை அன்றைக்கே, வந்த விலைக்கு, வாசலில் நிற்கும் வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இந்தப் பழுதைத் தானே பார்க்க வேண்டும் என்றுதான் அவள் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறாள். இத்தனை மாதமாக அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல டீச்சர்" என்றாள்.

அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு வருகை பத்தாது. தேர்வுக்கு உக்கார வெக்க முடியாது. பேரை எடுத்துடலாம்."

"எடுத்துப் பாருங்க" என்றேன்.

"நான் என்ன செய்ய லா? ரூல்ஸ். அந்தக் கம்பத்துலேருந்து ஏற்கெனவே வந்தவங்களும் பாதியில ஓடிட்டாங்க. இனிமே அவ்வளவு தூரத்துல ஆள் எடுக்க வேணாம்னு இருக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓடியவர்களுக்கும் நண்டு வந்திருக்கும், அமாவாசை வந்திருக்கும். எங்களில் யார் போய்ப் பார்த்தோம்? பிள்ளைகளை இங்கே இழுக்கத் தெரிந்தது, நாம் அங்கே போகத் தெரியவில்லை என்று கத்தினேன். கீழே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. முதலாளி நல்லவர். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "சரி, நீங்களே ஒரு வழி சொல்லுங்க அக்கா" என்றார். வழி சொன்னேன். களத்திலேயே தேர்வு வைக்கலாம் என்று விதி இருக்கிறது. கம்பத்தில் வேலை பார்க்கும் நாட்களைப் பயிற்சியாக எழுதிக்கொள்ளலாம். பெரிய தண்ணீர் வரும் நாளில் நான் அங்கே போகிறேன், மற்ற நாளில் அவள் இங்கே வரட்டும். கடைசித் தேர்வு அந்தச் செத்த ஃப்ரீசரில் நடக்கட்டும்.

"அது ஓடலைன்னா?"

"ஓடலைன்னா அவ ஃபெயில். நீங்க அந்தக் கம்பத்தை மறந்துடலாம். நானும் வாயை மூடிக்கிறேன்."

கடைசி வாக்கியம்தான் அவரை மடக்கியது.

அப்படி நான் பாலம் தாண்டிப் போய்வரத் தொடங்கினேன். முதல் நாள் ஃப்ரீசர் மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்த தாழை ஓலை. பாய் முடைய வைத்திருந்தார்கள். ஈரம் புகாது, எலி வராது, மூடி இறுக்கம் என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னார். ஃப்ரீசரை இவ்வளவு ஒழுங்காக யாரும் பராமரித்து நான் பார்த்ததில்லை. குளிர் மட்டும்தான் இல்லை.

மதிப்பீட்டாளர் ஷா ஆலத்திலிருந்து வர வேண்டும். கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுபவர். போனில் கேட்டதும் அவரும், "ஜாவ் லா டீச்சர்" என்றார்.

"அண்ணே, இங்க பயிற்சிப் போர்டுல நான் வேணும்னே பழுது வெப்பேன், பிள்ளைங்க கண்டுபிடிப்பாங்க. அங்க கடல் காத்து பழுது வெச்சிருக்கு. என்னைவிட நல்லா வெச்சிருக்கு. வந்து பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலை இறுக்கிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். தேர்வு நடக்கும்போது பயிற்றுநர் வாய் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் தேர்வு செல்லாது. இது எல்லாருக்கும் உள்ள விதிதான், ஆனால் எனக்கு மட்டும் அதை அவர் மறுபடியும் நிறுத்திச் சொன்னார்.

நான் அவளிடம் தேதியைச் சொன்னேன். வருகிறவர் முஸ்லிம், குடிக்க, சாப்பிட ஏதாவது கொடுப்பதாக இருந்தால் பார்த்துக் கொடுங்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை என்ன செய்யப்போகிறது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

தேர்வு நாள் காலை நன்றாகவே விடிந்தது. மண்டபத்தில் ஃப்ரீசரைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்திருந்தாள். தாழை ஓலையெல்லாம் வெயிலில் கிடந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிக்கலாம்" என்றார். மதியத்துக்குள் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் ஒரு மூலையில் பலகையில் உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன், வாய்க்குத்தான்.

அவள் குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக் குழாய் முழுக்கத் தடவினாள். பின்பக்கம், அடியில், துரு ஏறிய ஒரு வளைவில் சின்னக் குமிழ் வந்தது. கடல் காற்று வைத்த பழுது அதுதான். அந்த இடத்தை வெட்டி, புதுக் குழாய் வைத்து, நெருப்பில் பற்றவைத்தாள். பற்று ஒரே சீராக ஓடியது. அண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்து, தலையை மெதுவாக ஆட்டினார். குழாயில் இருந்த காற்றை வெளியேற்ற பம்பைப் போட்டாள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ சோறு வேகும் வாசனை வந்தது. "நல்லா இருக்கே" என்றார் அண்ணன். நானும் மனதுக்குள் அதையே சொன்னேன்.

கேஸ் அடித்தாள். பிளக்கைச் செருகினாள். கம்ப்ரசர் "ம்ம்ம்" என்று முனகியது. பிறகு "டக்" என்று நின்றது. அவள் பொறுத்திருந்து மறுபடி முயன்றாள். "ம்ம்ம்." "டக்."

எனக்குத் தெரிந்துவிட்டது. தலைக்கு மேலே ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் என் புடவைத் தலைப்பைப் பறக்கவிட்ட ஃபேன், இப்போது ஒவ்வொரு இறக்கையையும் எண்ணலாம் போல இருந்தது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். அவள் முதலில் கம்ப்ரசரின் சின்ன சாமான்களையெல்லாம் கழற்றிச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தாள். மின்சாரம் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பம் கம்பியின் கடைசி முனை. பாலம் தாண்டி, தோட்டம் தாண்டி, எல்லாரும் குடித்து மிஞ்சிய கரண்டுதான் அங்கே வந்து சேரும். மேருவில் எங்கள் பட்டறையில் இந்தப் பழுது வரவே வராது, அதனால் நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

அவள் அனுமதி கேட்டு வெளியே போனாள். நானும் அண்ணனும் வாசல்வரை போனோம். அங்கே நின்றதும் எல்லாம் விளங்கியது.

ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. என் ஒரு வார்த்தை கம்பம் முழுக்கப் பரவியிருந்தது. வருகிறவர் முஸ்லிம், நாம் பன்றிக்கறியும் சமைக்கும் பழைய பானையில் கொடுத்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். அதனால் விறகடுப்பையும் பழைய பானைகளையும் ஒதுக்கிவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வந்து, பெட்டிகூடப் பிரிக்காமல் பரணில் கிடந்த ரைஸ் குக்கர்களையெல்லாம் இறக்கினார்கள். ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் நண்டு, இன்னொரு வீட்டில் குழம்பு, இன்னொரு வீட்டில் டீக்குக் கொதிநீர். எல்லாம் கரண்டில், எல்லாம் ஒரே நேரத்தில். ஃப்ரீசரைப் பரிசோதிக்க வந்தவருக்கு விருந்து வைக்கப்போய் ஃப்ரீசருக்குப் பட்டினி.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே, "அணைங்க எல்லாத்தையும்!" என்று நடுக்கடலில் இருப்பவனுக்கும் கேட்கும்படி கத்தியிருப்பேன். அவள் அங்கே கத்த முடியாது. அவர்கள் ஊரில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதிலும் சமைப்பவர்கள் அவள் அம்மா, அத்தைமார், ஊர்த்தலைவர் வீட்டம்மா. சமைப்பதும் அவளுக்காகத்தான். அவர்களிடம் போய் அடுப்பை நிறுத்து என்றால் முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். அவள் படியில் நின்றாள். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் அந்த ஒரு வார்த்தையே அவள் தேர்வைக் கொன்றுவிடும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் இறங்கி முதல் வீட்டுக்குப் போனாள். ஜன்னலருகே நின்று ஏதோ சொன்னாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாள் என்பதைச் சாப்பிடும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஃப்ரீசர் முழிக்கப் போகுது. நீங்க இல்லாம அதை எழுப்ப எனக்கு மனசு வரல. எல்லாரும் வாங்க." அவ்வளவுதான்.

பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பலகை வீட்டில் கரண்டை ஓடவிட்டு யார் வெளியே வருவார்கள்? ஒவ்வொருவரும் வாசலில் கால் வைக்கும் முன்பு திரும்பி உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மண்டபம் நிறைய நிறைய, தலைக்கு மேலே ஃபேன் வேகம் எடுத்தது. என் புடவைத் தலைப்பு மறுபடியும் பறந்தது. அவள் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள், குனிந்து மீட்டரைப் பார்த்தாள், பிளக்கைச் செருகினாள்.

"ம்ம்ம்" என்றது. "டக்" வரவில்லை.

நல்ல ஃப்ரீசர் சத்தம் போடாது. அதனால் கூட்டத்தில் பாதிப் பேர் அது ஓடவில்லை என்று நினைத்து அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் சந்தேகத்தோடு உள்ளே கையை விட்டுச் சுவரைத் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வெடுக்கென்று கையை இழுத்துத் தன் பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் வைத்தார். அவர் போட்ட அலறலில் எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வரிசை போட்டு ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். அவள் அம்மா தொட்டுவிட்டுக் கையை எடுக்கவே இல்லை.

அண்ணன் அவளிடம், "வோல்டேஜ் எப்படி ஏறுச்சு?" என்று கேட்டார்.

"எல்லாரும் இங்க வந்துட்டாங்க சார்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அவங்க திரும்பிப் போய் சமைச்சா?"

"ஸ்டெபிலைசர் வெக்கணும் சார். அதுவரைக்கும் இன்னிக்கு..." என்று நிறுத்தி, வெளியே பார்த்தாள். அவள் அத்தைக்குப் புரிந்துவிட்டது. பாதி வெந்த சோற்றைப் புதுப் பாத்திரத்தோடு அப்படியே விறகடுப்புக்கு எடுத்துப்போனார்கள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். "போதும் டீச்சர், கைய எடுங்க. பாஸ்" என்றார். எடுத்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுது முடித்ததும் பேச்சும் வந்தது, கிள்ளான் திரும்பும்வரை நிற்கவில்லை. அண்ணன் நண்டுக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். குடும்பமே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மனிதர், இப்படி ஒரு நண்டைச் சாப்பிட்டதில்லை என்றார்.

சான்றிதழ் வந்ததும் ஷா ஆலம் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. "வரேன்" என்று சொன்னாளாம். போகவில்லை. கம்பெனிக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "வரேன்னா வர மாட்டேன்னு அர்த்தம் லா, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அவள் இப்போது பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலோரக் கம்பங்களில் ஃப்ரீசர் பழுது பார்க்கிறாள். பெரிய தண்ணீர் வந்தால் நண்டுக்குப் போகிறாள். எங்கள் நிலையத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதலாளி இப்போது பட்டறையில் அமாவாசை, பௌர்ணமி போட்ட நாள்காட்டி மாட்டி, வகுப்பு அட்டவணையை அதைப் பார்த்துத்தான் போடுகிறார். நாள் பார்த்தே எதையும் செய்யும் செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒன்றும் புதிதில்லை.

போன தீபாவளிக்கு முந்தின நாள் என் வீட்டு ஃப்ரிட்ஜ் செத்தது. ஏர்கோன் டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ்! உள்ளே ஆட்டுக்கறி, கோழி, ஊரையே கூப்பிட்டுப் போடும் அளவுக்கு. திறந்து பார்த்தேன், கம்ப்ரசர் எரிந்துவிட்டது. மாற்று கம்ப்ரசர் வேண்டும். கிள்ளானில் கடை பூட்டிவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர், தீபாவளிக் கூட்டத்தில் ஆள் நடக்கவே இடமில்லை, நீங்கள் கம்ப்ரசர் கேட்கிறீர்களே என்று சிரித்தார். வீட்டுக்காரர் கறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எனக்கு அவள் ஞாபகம் வந்தது. அவளிடம் எப்போதும் ஒன்றிரண்டு கம்ப்ரசர் கையில் இருக்கும். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கே எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டேன்.

"சரி டீச்சர்" வரப்போகிறது, அப்படி வந்தால் இன்றைக்குக் கறி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"முடியாது டீச்சர்" என்றாள். "இங்க ரெண்டு ஃப்ரீசர் எனக்காகக் காத்திருக்கு. கிள்ளான் ஜாவ்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய், "என்னாச்சு, என்ன சொன்னா?" என்றார்.

"முடியாதுன்னு சொல்லிட்டா!" என்றேன், கல்யாணச் செய்தி சொல்வதுபோல. "நம்ம வீடு தூரமாம்!"

போனில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "கறிய எடுத்துட்டு வாங்க டீச்சர். எங்க ஃப்ரீசர்ல எடம் இருக்கு."

கறியை இரண்டு வாளியில் போட்டு, ஈரத் துணியால் மூடி, காரில் ஏற்றினோம். எங்கள் தெருவே தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்தத் தொடங்கியிருந்தது. பாலம் தாண்டும்போது கடல் ஏறிக்கொண்டிருந்தது. தீபாவளி என்றால் அமாவாசையை ஒட்டித்தானே வரும், பெரிய தண்ணீர் நேரம், இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மண்டபத்தில் ஆள் யாரும் இல்லை, எல்லாரும் நண்டுக்குப் போயிருந்தார்கள். ஃப்ரீசர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் எங்கள் வாளிகளை இறக்கினோம். மறுநாள் விடியற்காலையில் போய் எடுத்துவந்து சமைத்தேன், வந்தவர்கள் எல்லாரும் கறி பிரமாதம் என்றார்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு, ரொம்ப தூரத்திலிருந்து வருகிறது என்று சொன்னேன்.